சமையல் மாஸ்டருக்கு வொர்க் பெர்மிட்டா, எஸ் பாஸா? சிங்கப்பூர் உணவகக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஊர்ல ஒரு நல்ல மாஸ்டர் இருக்கார். பரோட்டா, பிரியாணி ரெண்டும் கைவந்தவர். பெர்மிட் போட்டு எடுக்கலாமா, எஸ் பாஸ்தான் போடணுமா?" வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் இரண்டும் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிகள்; எஸ் பாஸ் கூடுதல் சம்பளத்துக்கானது. சிங்கப்பூரில் உணவகம் நடத்துபவர்கள் இந்தக் கேள்வியைச் சம்பளத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். எந்தப் பாஸுக்கு எவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும், லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை) எவ்வளவு என்பதிலேயே பேச்சு சுற்றி வரும். அது இரண்டாவது கேள்வி. உங்கள் கடையில் மத்திய சேம நிதி (சிபிஎஃப்) கட்டி வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. அந்த எண்ணிக்கை போதவில்லை என்றால், எவ்வளவு சம்பளம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் விண்ணப்பம் நகராது.

இன்னொரு பழைய நினைப்பும் பலருக்கு விடவில்லை: இந்தியாவிலிருந்து வருபவருக்கு உணவக வேலையில் பெர்மிட் கிடைக்காது, எஸ் பாஸ் மட்டும்தான் என்பது. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்களின் சமையல்காரர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. 2025 செப்டம்பரிலிருந்து எந்த வகை உணவகமானாலும் சமையல்காரரை அதே வழியில் எடுக்கலாம். ஆகவே இப்போது உண்மையாகவே தேர்வு இருக்கிறது. கீழே உள்ள எண்கள் 2025 செப்டம்பர் நிலவரப்படி; எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்).

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்களை இந்த வரிசையில் பாருங்கள். ஒதுக்கீடு, அதாவது உள்ளூர்க்காரர் எண்ணிக்கையை வைத்து எத்தனை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்ற வரம்பு, இடம் கொடுக்கிறதா? அவர் செய்யப்போகும் வேலை அந்தப் பாஸில் அடங்குமா? சம்பளம், லெவி, தங்குமிடம், காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு வரும்? சட்டப்படி உங்கள் தலையில் விழும் பொறுப்பு என்ன? இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது என்ன ஆகும்?

விண்ணப்பக் கட்டணத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பெர்மிட்டுக்கு 35, எஸ் பாஸுக்கு 105 என்பதைப் பார்த்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை.

### ஒதுக்கீட்டுக் கணக்கு

மனிதவள அமைச்சு உள்ளூர்க்காரர் என்று எண்ணுவது குடியுரிமை உள்ளவரையும் நிரந்தரவாசியையும். மாதம் 1,600 வெள்ளிக்குக் குறையாமல் வாங்குபவர் ஒருவராக எண்ணப்படுவார். 800 முதல் 1,600-க்குள் வாங்குபவர் அரை ஆளாக. 800-க்குக் கீழே என்றால் கணக்கிலேயே வரமாட்டார். மூன்று மாதச் சராசரியைப் பார்ப்பதால், இன்று நாலு பேரைச் சேர்த்துவிட்டு நாளை விண்ணப்பம் போட முடியாது. தனியுரிமை வணிகமாகப் பதிந்து நடத்துபவர் தன்னையே ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர்கள் மொத்த ஊழியரணியில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதற்குள்ளேயே எஸ் பாஸ் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தியச் சமையல்காரர் வரும் புதிய பெர்மிட் வழிக்கு 8 விழுக்காடு. மொத்தம் என்பதில் உள்ளூர்க்காரர், பெர்மிட்காரர், எஸ் பாஸ்காரர் எல்லாரும் அடக்கம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு எஸ் பாஸுக்கு அவரையும் சேர்த்து 10 பேர் போதும். பெர்மிட்டில் ஒரு இந்தியச் சமையல்காரர் வேண்டுமென்றால் 13 பேர் வேண்டும். 12 பேரில் ஒருவர் 8.3 விழுக்காடாகி வரம்பைத் தாண்டிவிடுகிறார். இரண்டாவது ஆளுக்கு எஸ் பாஸில் 20, பெர்மிட்டில் 25. ஆக, செலவு குறைந்த வழிக்குத்தான் பெரிய கடை வேண்டும். நாலைந்து பேரை வைத்து நடத்தும் சிறிய கடைக்கு இரண்டு வழியுமே இப்போதைக்குத் திறக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

### முதல் வெளிநாட்டு ஊழியர் கொண்டுவரும் செலவு

இதை யாரும் விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு வெளிநாட்டு ஊழியரை வைத்துக்கொண்டாலே, கடையில் முழுநேரம் வேலை செய்யும் ஒவ்வொரு உள்ளூர்க்காரருக்கும் குறைந்தது 1,600 வெள்ளி கொடுத்தாக வேண்டும். பகுதிநேரம் என்றால் மணிக்கு 10.50. உணவுச் சேவைத் துறைக்கான படிப்படியான சம்பள முறையும் 2023 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பதவி உயர உயர அதன் அடிப்படைச் சம்பளமும் கூடும். பழைய சம்பளத்திலேயே பல வருடமாகப் பாத்திரம் தேய்க்கும் பெரியம்மாவுக்கும், கல்லாவில் உட்காரும் தம்பிக்கும் சேர்த்து உயர்த்த வேண்டியிருக்கும். கொடுக்க வேண்டிய சம்பளம்தான், அதில் தப்பில்லை. ஆனால் மாஸ்டருக்கான செலவு என்று நீங்கள் போட்ட பட்ஜெட்டில் அது இருக்காது.

## ஒரு பார்வையில்

கடைசிப் பத்தியில் இருக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ், நிபுணர், மேலாளர் தரத்தில் வருபவருக்கான வேலை அனுமதி.

| | மலேசியர், பெர்மிட் | இந்தியச் சமையல்காரர், பெர்மிட் | எஸ் பாஸ் | எம்ப்ளாய்மென்ட் பாஸ் |
|---|---|---|---|---|
| குறைந்தபட்ச மாதச் சம்பளம் | தனி வரம்பு இல்லை | 2,000 | 3,300. வயதோடு ஏறி 45 வயதில் 4,800 | 5,600. 45 வயதில் 10,700 |
| மாத லெவி | 300 முதல் 800 | 300 முதல் 800 | 650 | இல்லை |
| ஒதுக்கீடு | 35%-க்குள் | 35%-க்குள், உள்வரம்பு 8% | 35%-க்குள், உள்வரம்பு 10% | இல்லை |
| பிணைத்தொகை | இல்லை | 5,000 | இல்லை | இல்லை |
| கட்டாய மருத்துவக் காப்பீடு | ஆண்டுக்கு 60,000 | ஆண்டுக்கு 60,000 | ஆண்டுக்கு 60,000 | இல்லை |
| முன்கூட்டிய வேலை விளம்பரம் | இல்லை | இல்லை | 14 நாள் | 14 நாள் |
| குடும்பத்தை அழைத்துவர | முடியாது | முடியாது | சம்பளம் 6,000 இருந்தால் | சம்பளம் 6,000 இருந்தால் |

லெவியில் 300 என்பது உயர்திறன் சான்று உள்ளவருக்கு, முதல் அடுக்கில். அடிப்படைத் திறன் என்றால் முதல் அடுக்கில் 450, இரண்டாவதில் 600, மூன்றாவதில் 800. வெளிநாட்டவர் விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் இரண்டாம் அடுக்கு, 25-ஐத் தாண்டினால் மூன்றாம் அடுக்கு.

## இந்தியச் சமையல்காரருக்கு வொர்க் பெர்மிட்

பரோட்டா, தோசை, தந்தூரி என்று அடுப்படியில் நிற்கும் ஆளுக்கு, ஒதுக்கீடு இடம் கொடுத்தால், இதுதான் என் தேர்வு. 2,000 சம்பளம், 450 லெவி என்றால் மாதம் 2,450. ஏற்கெனவே மலேசியர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கும் கடையில் புதியவரால் மூன்றாம் அடுக்கு லெவி வந்து சேர்ந்தால் 2,800. இதற்கு மேல் தங்குமிடம் வரும். இந்தப் பெர்மிட்காரருக்கு முறையான தங்குமிடம் ஏற்பாடு செய்வதும், முகவரியை அமைச்சில் பதிவதும், மருத்துவச் செலவும், கடைசியில் ஊருக்கு அனுப்பும் டிக்கெட்டும் முதலாளி பொறுப்பு. வந்து சேர்ந்ததும் மருத்துவப் பரிசோதனை. அடுப்பில் நிற்குமுன் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலை.

5,000 வெள்ளிப் பிணைத்தொகையை ரொக்கமாக வைக்கத் தேவையில்லை, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதம் போதும். ஆனால் பிரீமியம் கட்டிவிட்டோம், ஆபத்து காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் என்று நினைத்துவிடாதீர்கள். நிபந்தனை மீறினால் அமைச்சு பிணையை எடுத்துக்கொள்ளும், காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் வசூலிக்கும். ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய், நீங்கள் தேடியதற்கும் காவல்துறையில் புகார் செய்ததற்கும் ஆதாரம் இருந்தால் பாதி, அதாவது 2,500 போகும்.

இந்த வழியின் பெரிய சிக்கல் பணமல்ல. பெர்மிட்டில் சமையல்காரர் என்று இருந்தால் அவர் சமையல்தான் செய்ய வேண்டும். சின்னக் கடைகளில் நடப்பது நமக்குத் தெரியும்: மதியக் கூட்டத்தில் மாஸ்டரே இலை போடுவார், மூன்று மணிக்கு டெலிவரிப் பையைக் கட்டுவார், சர்வர் வராத நாளில் மேசையும் துடைப்பார். அவசரத்துக்கு ஒரு தட்டைக் கொண்டுபோய் வைப்பது வேறு. அவரையே நிரந்தர சர்வராக்குவது விதிமீறல். அண்ணன் பெயரில் பதிந்திருக்கும் இன்னொரு கடைக்கு வார இறுதியில் அனுப்புவதும் அப்படித்தான். குடும்பத்துக்கு ஒன்றாகத் தெரிவது சட்டத்துக்கு இரண்டு முதலாளி. உங்களுக்குத் தேவை எல்லா வேலையும் செய்யும் ஒரு ஆள் என்றால், இந்த வழியை விட்டுவிடுங்கள்.

நீண்ட காலத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்ற பழைய குறை இப்போது இல்லை. 2025 ஜூலை முதல் பெர்மிட்டுக்கு அதிகபட்ச வருடக் கணக்கு எடுக்கப்பட்டுவிட்டது. 63 வயது வரை புதுப்பிக்கலாம். கை பழகிய மாஸ்டரைப் பெர்மிட் காலம் முடிந்தது என்பதற்காக அனுப்ப வேண்டியதில்லை.

## எஸ் பாஸ்

எஸ் பாஸின் விலையை 3,300 என்று நினைப்பவர்கள் மாஸ்டரின் வயதைக் கேட்டுக்கொள்ளவும். 3,300 என்பது இளையவருக்கான தொடக்கம். 23 வயதுக்கு மேல் படிப்படியாக ஏறி 45 வயதில் 4,800 ஆகிறது. நமக்கு வேண்டிய கைப்பக்குவம் உள்ளவர்கள் பெரும்பாலும் நாற்பதை ஒட்டியவர்கள். 45 வயது மாஸ்டருக்கு லெவியோடு மாதம் 5,450. பெர்மிட்டின் 2,450-ஓடு வைத்துப் பார்த்தால் இரண்டு வருடத்தில் 72,000 வெள்ளி வித்தியாசம். இளைஞர் என்றாலும் 36,000. பெர்மிட்காரரின் தங்குமிடச் செலவைக் கழித்தால் இந்த இடைவெளி சுருங்கும், மறையாது.

புதுப்பிக்கும்போது இன்னொரு அடி. எஸ் பாஸின் தொடக்கச் சம்பளம் 2022 செப்டம்பரில் 3,000, 2023-இல் 3,150, 2025-இல் 3,300. 2022 ஆகஸ்ட் வரை அடிப்படை அடுக்கில் 330 ஆக இருந்த லெவி இப்போது எல்லாருக்கும் 650. 3,300 என்ற புதிய வரம்பு புதுப்பிப்புகளுக்கு 2026 செப்டம்பரிலிருந்து. இதோடு மாஸ்டருக்கும் இரண்டு வயது கூடியிருக்கும். ஆகவே எஸ் பாஸ் போடும்போதே, இரண்டு வருடம் கழித்து சில நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்க வியாபாரம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் எஸ் பாஸ்? சில இடங்களில் அதுதான் சரி. கடையில் 10 முதல் 12 பேர் கணக்கில் இருந்தால் பெர்மிட் வழி அடைபட்டிருக்கும், எஸ் பாஸ் திறந்திருக்கும். வரப்போகிறவர் வெறும் சமையல்காரராக இல்லாமல் சமையலறையையே நிர்வகிப்பவர், அதாவது சரக்கு கணக்கு, ஆள் அட்டவணை, புது ஆட்களுக்குப் பயிற்சி என்று பார்ப்பவர் என்றாலும் எஸ் பாஸ்தான் பொருந்தும். கடை மேற்பார்வையாளர் மாதிரி பெர்மிட் பட்டியலில் இல்லாத வேலைகளுக்கு இந்தியர் வேண்டுமென்றாலும் அப்படித்தான். பிணை இல்லை, தங்குமிடம் அவர் பாடு.

14 நாள் விளம்பரத்தை மறக்க வேண்டாம். அரசாங்கத்தின் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் போட்டு, வந்த உள்ளூர் விண்ணப்பங்களை நேர்மையாகப் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒதுக்கீட்டுக்கே 10 பேர் வேண்டும், பகுதிநேரத்தவர் அரை ஆளாகத்தான் எண்ணப்படுகிறார் என்பதால், எஸ் பாஸ் எடுக்கக்கூடிய உணவகம் பெரும்பாலும் இந்த விலக்குக்கு வெளியேதான் நிற்கும்.

"எஸ் பாஸ் என்றால் மனைவி பிள்ளைகளை அழைத்துவரலாம்" என்று ஊரில் சொல்லிவைத்திருப்பார்கள். சம்பளம் 6,000-ஐத் தொட்டால்தான் அது. மாஸ்டரிடம் இதை முதல் போன் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு தெரிந்தால் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவார்.

## மலேசியரைப் பெர்மிட்டில்

ஊரிலிருந்துதான் ஆள் வேண்டும் என்ற பிடிவாதத்தில் பலர் தாண்டிப் போகும் வழி. மலேசியருக்கு வேலைப் பட்டியல் கிடையாது. சமையல்காரராக, சர்வராக, கல்லாவுக்கு, எதற்கும் எடுக்கலாம். 2,000 வெள்ளி வரம்பு இல்லை, பிணை இல்லை, 8 விழுக்காட்டு உள்வரம்பும் இல்லை. நாலு உள்ளூர்க்காரர்களை முழுநேரமாக வைத்திருக்கும் கடைக்கு எஸ் பாஸும் கிடையாது, இந்தியச் சமையல்காரரும் கிடையாது. ஆனால் இரண்டு மலேசியர்களுக்கு இடம் உண்டு. ஜோகூரிலிருந்து தினம் வந்து போகிறவரானால் தங்குமிடச் செலவும் இல்லை.

குறை என்னவென்றால், ஆள் நிற்கமாட்டார். அடுத்த தெருவில் இருநூறு வெள்ளி கூடுதலாகக் கிடைத்தால் போய்விடுவார். இரவு பதினோரு மணிக்குக் கடை மூடும் இடத்தில் பாலம் தாண்டிப் போகிறவருக்கு அந்த வாழ்க்கை சில மாதத்தில் அலுத்துவிடும். சம்பளத்துக்கு விதியில் வரம்பு இல்லை என்பதால் சந்தையிலும் மலிவு என்று எண்ண வேண்டாம். செட்டிநாட்டுச் சமையலை அதே கைப்பக்குவத்தில் வேண்டும் என்றால் தேடுவதற்கு நாளாகும். சைவக் கடை, காலைச் சிற்றுண்டி, வாழையிலைச் சாப்பாடு என்றால் தாராளமாகத் தேடலாம்.

ஒரு கலவையையும் யோசித்துப் பாருங்கள். 9 உள்ளூர்க்காரர், 3 மலேசியர், ஒரு இந்தியச் சமையல்காரர். மொத்தம் 13, வெளிநாட்டவர் 4 பேர், 31 விழுக்காட்டுக்குள். மலேசியர்கள் மொத்தத்தைக் கூட்டுவதால் இந்திய மாஸ்டருக்கான இடம் திறக்கிறது.

## எம்ப்ளாய்மென்ட் பாஸ்

ஒதுக்கீடும் இல்லை, லெவியும் இல்லை என்றதும் கண்கள் விரியும். 5,600-இல் தொடங்கும் சம்பளத்தோடு, காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டு முறையில் 40 புள்ளி வேண்டும். நிபுணர், மேலாளர் தரத்தில் 25 பேருக்குக் குறைவாக உள்ள சிறிய நிறுவனத்துக்கு இரண்டு பிரிவுகளில் 20 புள்ளி தானாகக் கிடைக்கும். மீதி 20-ஐச் சம்பளமும் பட்டமும் தர வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு அந்த இருபதும் சம்பளத்திலிருந்தே வர வேண்டும்; அதற்கு அந்தத் துறையின் உள்ளூர் நிபுணர், மேலாளர் சம்பளத்தில் மேல் பத்து விழுக்காட்டுக்கு இணையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்று நான்கு கிளைகள் உள்ள நிறுவனம், பொது மேலாளர் ஒருவரை வரவழைக்கிறது என்றால் சரி. அடுப்படி ஆளுக்கு "செயல்பாட்டு மேலாளர்" என்று பட்டம் சூட்டி விண்ணப்பிப்பது பொய்த் தகவல். வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தில் அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

## எந்தப் பாஸானாலும் ஏஜெண்ட் விஷயம்

எஸ் பாஸுக்கு 3,300 காட்டி, கையில் 2,000 கொடுத்து, மீதியை ரொக்கமாகத் திருப்பி வாங்குவது சிலர் சொல்லித்தரும் "வழி". வேலை தருவதற்காக ஊழியரிடம் எந்தப் பெயரில் பணம் வாங்கினாலும் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. லெவியைச் சம்பளத்தில் பிடிப்பதும் குற்றம். வீட்டில் இருக்கும் உறவினருக்குச் சேம நிதி கட்டி உள்ளூர் ஊழியராகக் காட்டுவது இன்னொரு குற்றம். இதையெல்லாம் விட எளிமையான ஒரு உண்மை: இந்தியச் சமையல்காரருக்குப் பெர்மிட் கிடைக்கும் காலத்தில், 2,000 வெள்ளி ஆளுக்குப் பொய்யாக எஸ் பாஸ் போட எந்தக் காரணமும் இல்லை.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜெண்ட், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே ஊழியரிடம் வாங்கலாம். 2,000 வெள்ளி வேலைக்கு 4,000. ஊரில் இருக்கும் துணை ஏஜெண்ட் தனியாக லட்சக்கணக்கில் வாங்குவதை இந்த வரம்பு தொடாது. அந்தக் கடன் தலையில் இருக்கும் மாஸ்டர் முதல் வருடம் முழுக்க வட்டிக்கே உழைப்பார், மனசு வேலையில் இருக்காது. நேரடியாகத் தெரிந்த ஆளை, நீங்களே அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்பித்து எடுப்பதுதான் இரண்டு பேருக்கும் லாபம்.

## விண்ணப்பம் போடுவதற்கு முன்

அமைச்சின் தளத்தில் ஒதுக்கீட்டுக் கணிப்பானும், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான சுய மதிப்பீட்டுக் கருவியும் இலவசமாகவே இருக்கின்றன. முதலில் கணிப்பான். அது பூஜ்யம் காட்டினால், அடுத்த மூன்று மாதம் உள்ளூர் ஆட்களைச் சேர்ப்பதுதான் வேலை. பகுதிநேரத்தவர் ஒருவரை 750 வெள்ளியிலிருந்து 800-க்கு உயர்த்தினாலே அரை ஆள் கூடும் என்பதையும் பாருங்கள்.

முன் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை டிக்கெட் போடாதீர்கள், ஊரில் இருக்கும் வேலையை விடச் சொல்லாதீர்கள். பெர்மிட் என்றால் அந்தக் கடிதத்தின் தமிழ்ப் பிரதியை அவர் கிளம்புவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். போனில் நீங்கள் சொன்ன தொகையும் அதில் உள்ள தொகையும் ஒன்றுதானா என்று அவரையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அவர் விமானம் ஏறும் முன்பே அமைச்சில் திருத்திவிடுங்கள்.